கேட்டால் என்ன சொல்வோம்? கிறிஸ்தவ விசுவாசத்தில் வேரூன்றவும் அன்றாடம் அதைப் பகிரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

யோவான் சுவிசேஷத்தின் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் வருகிறார். இயேசு அவருடைய கண்களைத் திறக்கிறார். உடனே தொல்லை தொடங்குகிறது. அக்கம்பக்கத்தார் துளைத்தெடுக்கிறார்கள், பரிசேயர் குறுக்கு விசாரணை செய்கிறார்கள், பெற்றவர்களே "அவனையே கேளுங்கள், வயது வந்தவன்தானே" என்று கழன்றுகொள்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரிந்தது "இயேசு என்னப்பட்ட ஒருவர்" என்பது மட்டும்தான் (11ஆம் வசனம்). அடுத்த தடவை "அவர் தீர்க்கதரிசி" என்கிறார் (17). இன்னும் நெருக்கியபோது, தேவனிடமிருந்து வராதவரால் இப்படிச் செய்ய முடியாது என்று வாதாடுகிறார் (33). கடைசியில் "ஆண்டவரே, விசுவாசிக்கிறேன்" என்று பணிந்துகொள்கிறார் (38).

இடையில் யாரும் அவருக்குப் பாடம் நடத்தவில்லை. சொல்லச் சொல்லத்தான் அவருக்கே விளங்குகிறது.

நாம் வழக்கமாக இதற்கு நேர்மாறாக யோசிக்கிறோம். முதலில் வேதத்தைக் கரைத்துக் குடிக்க வேண்டும், ஜெபத்தில் தேற வேண்டும், அப்புறம்தான் மற்றவரிடம் வாய் திறக்கும் தகுதி வரும் என்று. நானும் பல வருடம் அப்படித்தான் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் கூட வேலை செய்பவர், "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறீர்களே, அப்படி என்னதான் கிடைக்கிறது?" என்று சாதாரணமாகக் கேட்டார். ஆதாமின் வீழ்ச்சியில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை இருபது நிமிடம் பேசினேன். பாவம், மனிதர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் கேட்டது "உங்களுக்கு என்ன கிடைக்கிறது" என்று. அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவே இல்லை. சொல்லும்படியாக அன்றைக்கு என்னிடம் எதுவும் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அந்த இரண்டு குறைகளையும் சேர்த்தே சரிசெய்வதற்கான வழிதான் கீழே வருகிறது.

வார்த்தைகளைப் பற்றி ஒன்று. நான் வளர்ந்த சபையில் புழங்கிய வேதம், ஜெபம், சபை என்ற சொற்களையே எழுதுகிறேன். விவிலியம், செபம், திருச்சபை என்று சொல்லிப் பழகியவர்கள் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள்

ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். யாரும் சொல்லாமல் நானாக வேதத்தைத் திறந்தது கடைசியாக எப்போது? என் விசுவாசத்தினால் போன மாதம் நான் மாற்றிச் செய்த ஒரே ஒரு காரியம் எது? கிறிஸ்தவர் அல்லாத, என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் என் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்?

மூன்றாவது கேள்வியில் பலருக்குப் பேனா நின்றுவிடும். நிற்கட்டும். விதைக்கிறவன் உவமையில் (மத்தேயு 13) நான்கு வகை நிலம் வருகிறது. அதில் முள் நிலம் என்பது கெட்ட நிலம்கூடக் கிடையாது. விதை முளைக்கிறது, வளரவும் செய்கிறது. உலகக் கவலையும் பணத்தின் மயக்கமும் அதை நெருக்கிவிடுகின்றன, அவ்வளவுதான். இதைப் படிக்கிற பெரும்பாலோரின் நிலைமை இதுவாகத்தான் இருக்கும். அப்படியானால் முதல் வேலை, தினமும் வாசிப்புக்கும் ஜெபத்துக்கும் பதினைந்து நிமிட இடத்தை முள் இல்லாமல் வெட்டி எடுப்பது.

படி 2: குறைவாக, ஆனால் உருப்படியாக வாசியுங்கள்

புது வருடத் தீர்மானமாக ஆதியாகமத்தில் தொடங்குவோம். யாத்திராகமத்தின் முதல் பாதி வரை விறுவிறுப்பாகப் போகும். ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளில் வேகம் குறையும். லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். எனக்குத் தெரிந்து இப்படி நின்றவர்கள் ஏராளம். நானே மூன்று தடவை நின்றிருக்கிறேன். 66 புத்தகங்கள் கொண்ட வேதத்தில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. நாளுக்கு மூன்றும் ஞாயிற்றுக்கிழமை ஐந்துமாக வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும். நல்ல பழக்கம்தான். ஆனால் தொடக்கத்துக்கு அது வேண்டாம்.

மாற்குவில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். ஒரு நாளுக்கு ஓர் அதிகாரம்கூடத் தேவையில்லை. ஒரு சம்பவம் போதும். அதை வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மேயும்போது "தெரிந்த கதைதானே" என்று தாண்டிப் போகிற இடங்களைக் காது பிடித்துக்கொள்ளும்.

வாசித்தபின் என்ன செய்வது? 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கார்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ இதை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், சும்மா தேவனுக்கு முன்பாக இருத்தல். பெயர்கள் பெரிதாகத் தெரிந்தாலும் செய்வது எளிது. பர்திமேயுவின் கதையை (மாற்கு 10:46-52) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வாசியுங்கள். இரண்டாம் தடவை மெதுவாக, எந்த வார்த்தை உங்களை நிறுத்துகிறது என்று பார்த்து வாசியுங்கள். எனக்கு அது இயேசுவின் கேள்வி: நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்? பார்வையில்லாதவரிடம் இதைக் கேட்பானேன், தெரியாதா என்று முதலில் தோன்றும். அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். அப்புறம் அதே கேள்வியை உங்களிடம் கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். அதுதான் ஜெபம். கடைசியில் இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

மாற்கு முடிந்ததும் நிருபங்களுக்கு, அதாவது பவுல் போன்றவர்கள் எழுதிய கடிதங்களுக்குப் போகலாம். அவற்றுக்கு ஒரு தந்திரம் உண்டு. இப்போது நாம் பார்க்கிற அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்டியென் என்ற அச்சகர் போட்டார். பவுலின் கடிதத்தில் இந்த எண்கள் எதுவும் இருந்ததில்லை. யாரும் கடிதத்தை நாளுக்கு ஒரு பத்தியாகப் படிக்க மாட்டார்கள் இல்லையா? பிலிப்பியர் மொத்தமே 104 வசனங்கள். ஒரே மூச்சில் வாசியுங்கள். சிறையிலிருந்து ஒருவர் "சந்தோஷமாயிருங்கள்" என்று திரும்பத் திரும்ப எழுதுவது, தனி வசனமாகச் சுவரில் தொங்கும்போது தெரியாத விதத்தில் தெரியும்.

பழைய மொழிபெயர்ப்பின் நடை சிலருக்குப் பழக்கம், சிலருக்குச் சுவர். புரியாவிட்டால் எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

ஒரு சிறிய நோட்டும் வேண்டும். தினமும் ஒரே ஒரு வரி: இன்று என்னை நிறுத்தியது இது. பின்னால் படி 7க்கு இது உதவும்.

படி 3: உள்ளது உள்ளபடி ஜெபியுங்கள்

"எங்களுக்கு ஜெபம்பண்ணக் கற்றுக்கொடும்" என்று சீஷர்கள் கேட்டார்கள் (லூக்கா 11:1). சிறு வயதிலிருந்தே ஜெபித்து வளர்ந்த யூதர்கள் கேட்ட கேள்வி இது. ஆகவே உங்களுக்கு ஜெபிக்கத் தெரியவில்லை என்றால் வெட்கப்பட எதுவும் இல்லை.

மத்தேயு 6:9-13இல் உள்ள கர்த்தருடைய ஜெபத்தை ஒப்பிப்பதற்குப் பதில் எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் நின்று உங்கள் நாளை அதில் சேருங்கள். அதன் வரிசையைக் கவனியுங்கள். தேவனுடைய நாமம், ராஜ்யம், சித்தம் முதலில் வருகின்றன. ஆகாரம் அதற்கப்புறம்தான். நம்முடைய ஜெபம் பெரும்பாலும் ஆகாரத்தில் தொடங்கி ஆகாரத்திலேயே முடிந்துவிடுகிறது. மன்னிப்பு பற்றிய வரி வந்ததும் யாருடைய முகம் நினைவுக்கு வருகிறதோ, அந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

கோபம் இருந்தால் கோபத்தையும் சொல்லலாம். 150 சங்கீதங்களில் எத்தனையோ புலம்பல்கள். 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று முகத்துக்கு நேராகக் கேட்கிறது. ஆறே வசனங்கள். நமக்கு வார்த்தை வராத நாட்களில் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

மனம் அலைகிறதா? அலைகிற இடம் எதுவென்று பாருங்கள். கடன் தவணை நினைவுக்கு வந்தால் அதைத் துரத்தாமல் அதற்காகவே ஜெபியுங்கள். எனக்கு இது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

இரவில் ஐந்து நிமிடம் அந்த நாளைப் பின்னோக்கிப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் லொயோலாவின் இஞ்ஞாசியார் தம் இயேசு சபைத் துறவிகளிடம் வற்புறுத்திய பழக்கம் இது. எதற்கு நன்றி சொல்ல வேண்டும், எங்கே சறுக்கினேன், நாளைக்கு எந்த இடத்தில் உதவி வேண்டும். அத்துடன் ஐந்து பெயர்கள். கிறிஸ்துவை அறியாத ஐந்து பேருக்காகத் தினமும் ஜெபியுங்கள். அவர்களை மாற்றுவதற்கான திட்டமாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்காக ஒரு மாதம் ஜெபித்தால் அவரை நீங்கள் பார்க்கும் விதம் மாறும். அவருடைய அம்மாவின் உடல்நிலை, பிள்ளையின் பரீட்சை எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கத் தொடங்கும்.

படி 4: ஒரு காரியத்தில் கீழ்ப்படியுங்கள்

வாசித்ததில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, இந்த வாரம் செய்யுங்கள். வரி வசூலிப்பவரான சகேயு எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்றார் (லூக்கா 19:8). அவரால் ஏமாந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன இருந்திருக்கும்?

நமக்கு அது திருப்பித் தராத கைமாற்றாக இருக்கலாம், அலுவலகக் கணக்கில் ஏற்றிச் சொன்ன தொகையாக இருக்கலாம். வீட்டில் கத்திவிட்டுக் கேட்காமல் விட்ட மன்னிப்பாகவும் இருக்கலாம். வீட்டில் உள்ளவர்களிடம் மன்னிப்பு கேட்பதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது என் அனுபவம்.

படி 5: சபையில் ஒருவரிடமாவது முகமூடி இல்லாமல் இருங்கள்

ஆராதனைக்குப் போய் வருவது மட்டும் போதாது. உங்கள் சந்தேகத்தையும் சோதனையையும் தெரிந்த ஒருவராவது அங்கே இருக்கட்டும். வேத ஞானம் முக்கியம் என்றாலும், கேட்டதை வெளியில் சொல்லாத குணத்தைப் பார்த்தே அவரைத் தேர்ந்தெடுங்கள். நாற்காலி அடுக்குவதோ சிறுபிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

போதகர் சொல்வதையும் சோதித்துப் பார்க்கலாம். பவுலே வந்து பேசியும், காரியங்கள் இப்படித்தானா என்று தினமும் வேதத்தை ஆராய்ந்த பெரோயா ஊராரை அப்போஸ்தலர் 17:11 பாராட்டத்தான் செய்கிறது. கேள்வி கேட்பதையே கலகம் என்று சொல்லும் இடம் என்றால் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 6: வறண்ட காலத்துக்குத் தயாராக இருங்கள்

வரும். எல்லோருக்கும் வரும். வாசிப்பு மண்ணைத் தின்பதுபோல இருக்கும், ஜெபம் கூரையில் முட்டித் திரும்பும். 1 இராஜாக்கள் 19இல் எலியா, கர்மேல் மலையின் பெரிய வெற்றிக்கு அடுத்து, போதும் ஆண்டவரே, செத்தால் தேவலை என்று ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறார். தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு. பேச்செல்லாம் அப்புறம்தான்.

ஆகவே முதலில் தூக்கம், சாப்பாடு, உடல்நிலை ஆகியவற்றைப் பாருங்கள். சோர்வு வாரக்கணக்கில் விலகாமல் இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதும் அவிசுவாசம் ஆகாது. அந்த நாட்களில் பதினைந்து நிமிடத்தை ஐந்தாகக் குறையுங்கள். ஆனால் விட்டுவிட வேண்டாம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்ற ஒரு தகப்பனின் அரைகுறை ஜெபத்துக்கு இயேசு செவிகொடுத்தார்.

படி 7: உங்கள் கதையை மூன்று நிமிடத்துக்கு எழுதுங்கள்

அகிரிப்பா ராஜாவுக்கு முன் பவுல் பேசியதை (அப்போஸ்தலர் 26) பாருங்கள். முன்பு நான் எப்படி இருந்தேன், வழியில் என்ன நடந்தது, அதற்கப்புறம் என்ன செய்கிறேன். மூன்றே பாகம். இதே வரிசையில் ஒரு பக்கத்துக்கு எழுதி, சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

"நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன், எனக்கு அப்படிப் பெரிய சாட்சி எதுவும் இல்லையே" என்பவர்கள் உண்டு. தீமோத்தேயுவும் அப்படித்தான், பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவருக்கு வந்தது என்று பவுல் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 1:5). உங்களுக்கு இன்னொரு கேள்வி: போய்விடலாம் என்று நினைத்தும் ஏன் போகவில்லை? போன வருடம் எந்த நாளில் இந்த நம்பிக்கை உங்களைத் தாங்கியது? நோட்டைப் புரட்டுங்கள், கிடைக்கும்.

மிகைப்படுத்தாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். காய்ச்சல் மாத்திரையால் குறைந்ததா ஜெபத்தால் குறைந்ததா என்று உங்களுக்கே தெரியாவிட்டால், தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். மேடைக்காகப் பழைய பாவத்துக்கு மெருகேற்றாதீர்கள். யோவான் 9ஆம் அதிகார மனிதர் "அவர் பாவியா என்று எனக்குத் தெரியாது" என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான், குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், அது ஒன்று தெரியும் என்கிறார். அந்த வாக்கியத்தை யாராலும் அசைக்க முடியவில்லை.

எழுதியதில் சபைத் தமிழைக் களையெடுப்பது அடுத்த வேலை. நமக்குள் பேசும்போது இயல்பாக இருக்கும் சொற்கள் வெளியாருக்குப் பூட்டிய கதவுகள். "ஆண்டவர் என்னோடு இடைப்பட்டார்" என்றால் அவருக்கு என்ன புரியும்? "அந்த வார்த்தையைப் படித்தபோது எனக்கென்றே சொன்னதுபோல இருந்தது" என்றால் புரியும். "பாரம் வந்தது" என்பதை "அவர்களை நினைத்து மனசு கேட்கவில்லை" என்று சொல்லலாம். "இரட்சிக்கப்பட்டேன்" என்பதை ஒரே வார்த்தையில் மாற்ற முடியாது. எதிலிருந்து, எப்படி என்று இரண்டு வாக்கியமாக உடைத்துச் சொல்ல வேண்டும். அப்படி உடைக்கும்போதுதான் நானே அந்த வார்த்தையைப் புரியாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.

படி 8: பேசுவதற்கு முன் கேளுங்கள்

1 பேதுரு 3:15ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள். அந்த வசனத்தில் இரண்டு விஷயங்கள் கவனத்தில் தப்பிவிடுகின்றன. பதில் "கேட்கிறவர்களுக்கு". தொனி "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்". துன்பப்பட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு எழுதியது அது. இத்தனை கஷ்டத்திலும் உனக்கு எப்படி நம்பிக்கை என்று மற்றவர் கேட்பார்கள் என்று பேதுரு எதிர்பார்க்கிறார்.

அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு, ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் ஓடிப் போய்ச் சொல்லும் முதல் வாக்கியம் ஒரு கேள்வி: வாசிக்கிறது விளங்குகிறதா? அந்த மந்திரி ஏறி உட்காரச் சொன்ன பிறகுதான் பிலிப்பு ஏறினார். அவர் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார்.

நடைமுறையில் இதைச் செய்ய ஏகப்பட்ட இடம் இருக்கிறது. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொன்னால் முழுதாகக் கேளுங்கள், குறுக்கே வசனம் சொல்லாதீர்கள். பிறகு, "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று கேட்கலாம். சரி என்றால் அங்கேயே அரை நிமிடம், அவர் சொன்னதை மட்டும் வைத்து ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் ஜெபியுங்கள். அடுத்த வாரம் "அந்த விஷயம் என்ன ஆயிற்று?" என்று விசாரியுங்கள், அதை மறந்தால் முதல் கேள்விக்கே மதிப்பில்லை. வாரக் கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சபைக்குப் போனதை மறைக்காமலும் நீட்டாமலும் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளியோ, உங்களுக்குக் கீழ் வேலை பார்ப்பவரோ எழுந்து போக முடியாத நிலையில் இருப்பவர்கள். அவர்களிடம் பேச்சை நீங்களாகத் திணிக்காதீர்கள். பிள்ளைகளிடம் பெற்றோருக்குத் தெரியாமல் பேசாதீர்கள். உதவி செய்தால் அதற்கு விலையாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். சாப்பாடு இல்லாதவரிடம் "பசியாறுங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது தவறு என்கிறார் யாக்கோபு (2:15-16), சாப்பாட்டைத் தூண்டிலாக்குவதும் தவறுதான். மற்றவருடைய நம்பிக்கையை இழிவாகப் பேசாதீர்கள். பவுல் அத்தேனே பட்டணத்தைச் சுற்றிப் பார்த்தார், அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துப் பேசினார் (அப்போஸ்தலர் 17:28). மதம் பற்றிப் பேசுவதற்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உள்ள இடத்தில் வாழ்ந்தால் அவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வசனப் படம் அனுப்புவதைப் பற்றி: பெரும்பாலோர் திறப்பதே இல்லை. உறுதி செய்யாத அற்புதச் செய்திகளை முன்னனுப்புவது அதைவிட மோசம். அது பொய் என்று தெரியவரும்போது நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்து அடிபடும். ஒருவருக்கு மட்டும், அவர் நிலைமைக்கு ஏற்ற நான்கு வரி எழுதி அனுப்புங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் "தெரியாது, யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பிறகு நிஜமாகவே தேடிப் படித்துவிட்டுப் போங்கள். நல்ல மனிதருக்கு ஏன் இத்தனை துன்பம் என்ற கேள்விக்கு மட்டும் அவசரப் பதில் வேண்டாம். அதைக் கேட்பவர் அநேகமாக யாரையோ இழந்திருப்பார்.

படி 9: மறுத்தால் விடுங்கள், நட்பை விடாதீர்கள்

அத்தேனேயில் சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். பவுலுக்கே அப்படி என்றால் நமக்கு மட்டும் வேறு மாதிரி நடக்குமா? மாற்கு 10இல், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று இயேசு சொன்னதும் செல்வந்தர் ஒருவர் துக்கத்தோடு திரும்பிப் போகிறார். இயேசு அவரில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. ஆனால் பின்னால் ஓடிப் போய் நிபந்தனையைத் தளர்த்தவில்லை.

"இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்" என்று நண்பர் சொன்னால் பேசாதீர்கள். அடுத்த வாரம் அவருடைய வீடு மாற்றும் வேலைக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

படி 10: ஒருவர் நெருங்கி வந்தால்

நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று நாத்தான்வேல் கிண்டலாகக் கேட்டதற்கு, இயேசுவின் சீஷரான பிலிப்பு (படி 8இல் வந்தவர் வேறு) வாதாடவில்லை, "வந்து பார்" என்றார் (யோவான் 1:46). நீங்களும் அழைக்கலாம். ஆனால் சபைக்கு அழைப்பதற்கு முன் அங்கே என்னென்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள்: எவ்வளவு நேரம், எப்போது எழுந்து நிற்பார்கள், காணிக்கை எடுக்கும்போது அவர் எதுவும் போட வேண்டியதில்லை, திருவிருந்து என்றால் என்ன. பக்கத்திலேயே உட்காருங்கள். முன்னால் அழைத்து அறிமுகப்படுத்தி அவரைத் திகைக்க வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லி வையுங்கள்.

அதைவிட எளியது, சேர்ந்து வாசிப்பது. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், மாற்கு. ஒரு பகுதியை வாசித்துவிட்டு மூன்றே கேள்விகள்: இதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது எது? எது பிடிக்கவில்லை? இது உண்மை என்றால் என்ன மாறும்? இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். "பிடிக்கவில்லை" என்று சொல்ல இடம் கிடைத்தால்தான் அவர் மனம்விட்டுப் பேசுவார். நீங்கள் நூறு தடவை படித்த பகுதியில் அவர் புதிதாக ஒன்றைக் காட்டுவார், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவசரப்படுத்தாதீர்கள். ஞானஸ்நானம் போன்ற முடிவுகளைப் பற்றி அவர் கேட்கும்போது, குடும்பத்தில் என்ன விளைவு வரும் என்பதையும் சேர்த்தே பேசுங்கள். அனுபவமுள்ள போதகரிடம் அழைத்துப் போங்கள். அப்பொல்லோ என்ற பேச்சாளருக்கு விளக்கம் குறைவாக இருந்தபோது பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவரைத் தனியாக அழைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). கூட்டத்தின் நடுவில் திருத்தவில்லை.

மாற்கு 16ஆம் அதிகாரம் முடிந்ததும் அடுத்து எதை வாசிக்கலாம் என்று அவரையே கேளுங்கள். அவர் லேவியராகமம் என்று சொன்னால், சரி என்று உட்காருங்கள். இந்தத் தடவை துணைக்கு ஒருவர் இருக்கிறார்.